'மறந்துட்டேன் டீச்சர்' என்று நின்ற பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளே,

பிள்ளைகளே என்று கூப்பிட்டாலும் உங்களில் மூத்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். சிலர் பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டதாகக் கேள்வி. இருக்கட்டும். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில், தகரக் கூரையில் மழை கொட்ட, நான் கத்துவது எனக்கே கேட்காமல் ஆண்டு நான்குக்கும் ஐந்துக்கும் ஒரே நேரத்தில் பாடம் எடுத்தவள் நான். எனக்கு நீங்கள் பிள்ளைகள்தான்.

2013இல் ஓய்வு பெற்றேன். இப்போது வயது 72. போன செவ்வாய்க்கிழமை கண்ணாடியைத் தேடியதில் காலை முழுக்கப் போய்விட்டது. தலையில்தானே இருந்தது என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இல்லை. தலையில் இருந்திருந்தால் அது ஊரில் எல்லோருக்கும் நடப்பது, அதற்காக உங்களுக்கு மடல் எழுதமாட்டேன். அரிசி வாளிக்குள் இருந்தது. கல் பொறுக்குவதற்காகப் போட்டுக்கொண்டேன், கல்லோடு சேர்த்து அதையும் கழற்றினேன், அதற்குமேல் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது, அரிசிக்கும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றேன். தூறல். ஒரு கையில் குடை, மறு கையில் மரக்கறிப் பை. அப்போது ஒருவர் வந்து முன்னால் மறித்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல சட்டை, தாடி. பின்னால் மனைவி, இரண்டு பிள்ளைகள். முகமெல்லாம் சிரிப்போடு கேட்டார்: "டீச்சர், நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்!"

உங்களில் பாதிப்பேராவது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருப்பீர்கள். அதனால் அந்த நேரம் எனக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அவரைத் தெரியாமல் இல்லை. இரண்டாவது வாங்குப் பலகை, ஜன்னல் பக்கம். இடது கையால் எழுதுவார். தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வருவார், அது பாதிப் பாடத்தில் அழும். ரொட்டிக்குள் கட்டசம்பலை வைத்துச் சுருட்டி, பேப்பரில் மடித்துக் கொண்டுவருவார். அந்த எண்ணெய் கணக்குக் கொப்பியில் ஊறி, அவருடைய கூட்டல் எல்லாம் மினுங்கும். ஆற்றோர லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பெயர் மட்டும் வரவில்லை.

பெயர் வராதபோது மனிதர் என்ன செய்வார்? சமாளிப்பார். "உன்னை மறப்பேனா மகன்! அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "அம்மா போய் நாலு வருஷமாச்சு டீச்சர். சாவு வீட்டுக்கு நீங்க வந்தீங்களே. ஒங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்ததே நான்தானே."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியுமா? "நுவரெலியா, நுவரெலியா" என்று கொண்டக்டர் கத்தியது தெய்வத்தின் குரல் மாதிரிக் கேட்டது. எந்த பஸ் என்று பார்க்காமலே ஏறிவிட்டேன். அது போகிற வழியில் தலவாக்கலை இருந்தது என்னுடைய அதிர்ஷ்டம். கொழும்பு பஸ்ஸாக இருந்திருந்தால் இந்த மடல் வேறு இடத்திலிருந்து வந்திருக்கும்.

வெட்கமாக இருந்தது. டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவு வரைக்கும் வெட்கம்தான். அப்புறம் சிரிப்பு வந்தது. அடுத்த நீர்வீழ்ச்சியான சென்கிளயர் வருவதற்கு முன் அவருடைய பெயரும் வந்தது, கேட்காமலே, தானாக. வந்த சந்தோஷத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் அது ஏதோ இறங்கும் இடம் என்று நினைத்து மணியை அடித்துவிட்டார். பஸ்ஸும் நின்றது. "யாரு எறங்குறது?" என்று கொண்டக்டர் கேட்க, நான் ஜன்னல் வழியாக நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பெயர் ஏன் இப்படிப் பழிவாங்குகிறது என்று பிறகு யோசித்தேன். ஒருவர் தச்சு வேலை செய்கிறவர் என்று சொன்னால் உளி, மரத்தூள், காதில் செருகிய பென்சில் எல்லாம் கண்ணில் வந்துவிடுகிறது. ராசு என்று சொன்னால் என்ன வருகிறது? ஒன்றும் வராது. எந்த ராசு? பெயர் என்பது ஆளின்மேல் ஒட்டின வெறும் சீட்டு. மற்ற விவரங்கள் ஒன்றையொன்று கை கோத்து நிற்கும், பெயர் தனியாக நிற்கும். வயதாக ஆக முதலில் கை நழுவுவது அதுதான். நாக்கு நுனியில் நின்றுகொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் படுத்தும்.

பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் வேறு. மறித்து நின்றுகொண்டு "சொல்லு பாப்போம்" என்று கேட்டாரே, அந்தத் தொனி எனக்குப் பழக்கமான தொனி. அது என்னுடையது. அவரிடம் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் கொடுத்தது.

ஆசிரியர் கலாசாலையில் உளவியல் பாடத்தில் ஒரு ஜெர்மன்காரரைப் பற்றிப் படித்தோம். பெரிய தாடி. பெயர் இப்போது வரவில்லை. வரும், வந்ததும் எழுதுகிறேன். 1885இல் புத்தகம் போட்டவர். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே உருவாக்கி, தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று தன்னையே அளந்து பார்த்தவர். பாடமாக்கிய ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் கழன்றுவிடுகிறது, அப்புறம் கழலும் வேகம் குறைகிறது என்பது அவருடைய கணக்கு. கோடாக வரைந்தால் நம்முடைய மலைச்சரிவு மாதிரி இருக்கும்: மேலே செங்குத்து, கீழே ஆற்றுப் பக்கம் வர வரச் சாய்வு தணியும். நான் அதைப் படத்தோடு எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். மறப்பது மனித இயல்பு என்று பக்கம் பக்கமாக எழுதிய கை இது. அடுத்த வருஷமே இந்தக் கையில், பிள்ளைகளை அடிக்க, அடிமட்டக் கோல் ஏறிவிட்டது.

"வீட்டுவேலை எங்கே?"

"மறந்துட்டேன் டீச்சர்."

"காலையில ரொட்டி தின்ன மறந்தியா?"

எல்லா ஆசிரியரும் கேட்கிற கேள்விதான் அது. பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளை, ஆண்டு நான்கு, நிமிர்ந்து பார்த்து "ஆமா டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இடைவேளையில்தான் தெரிந்தது, வீட்டில் மா முடிந்து இரண்டு நாள், சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள் என்று. அவள் இதை வாசிக்கக்கூடும். வாசித்தால், மகள், அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. எத்தனையோ போய்விட்டது, அது போகமாட்டேன் என்கிறது.

உங்களுடைய 'மறந்துட்டேன்' பாதிக்கு மேல் பொய் என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. தம்பியைப் பார்க்க ஆள் இல்லை, அம்மா மலையில் இருந்து இருட்டித்தான் வருவார். கூரை ஒழுகிக் கொப்பி நனைந்துவிட்டது. இதையெல்லாம் வகுப்புக்கு முன்னால் சொல்வதைவிட ஒரு அடி வாங்கிக்கொள்வது சுலபம். மறந்துட்டேன் என்ற சொல்லுக்குள் ஒரு வீட்டையே மறைத்து வைத்திருந்தீர்கள். இப்போது நான் பஸ் நிலையத்தில் "உன்னை மறப்பேனா" என்று சொல்கிறேனே, அதுவும் அதே ரகம்தான். நீங்கள் நினைவிருந்தும் மறந்ததாகச் சொன்னீர்கள், நான் மறந்தும் நினைவிருப்பதாகச் சொல்கிறேன். கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லலாம், ஆனால் அடிமட்டத்தின் பக்கம் இன்னும் கடன் நிற்கிறது.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். லயத்தில் இருந்தவரைக்கும் எனக்கு இந்த மறதி வந்ததில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே காம்பரா, முன்னால் இஸ்தோப்புத் திண்ணை. எதற்கு எழும்பினோம் என்பதை மறப்பதற்கே இடம் இருக்காது. கையை நீட்டினால் எல்லாம் எட்டும். மகன் உழைத்து நாலு அறையில் வீடு கட்டினான். அன்றைக்குப் பிடித்தது சனி. அறைக்குள் இருந்து குசினிக்குப் போவேன், போய் நிற்பேன், ஏன் வந்தேன் என்று அடுப்பைப் பார்ப்பேன், அடுப்பு என்னைப் பார்க்கும். திரும்ப அறைக்கு வந்து உட்கார்ந்ததும் எபிங்ஹாஸ்! வந்துவிட்டது பாருங்கள். தாடிக்கார ஜெர்மன்காரர், ஹெர்மன் எபிங்ஹாஸ். எழுதிவிட்டேன், இனிப் போனாலும் பரவாயில்லை. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆ, குசினி. பேரன் போனில் தேடிச் சொன்னான், அமெரிக்காவில் ரட்வான்ஸ்கி என்ற உளவியல் பேராசிரியர் இதைச் சோதித்து 2011இல் எழுதியிருக்கிறாராம். ஒரு வாசலைத் தாண்டும்போது மனது பழைய பக்கத்தை மூடிவிட்டுப் புதிய பக்கத்தைத் திறக்கிறதாம், அதில்தான் வந்த காரியம் விடுபடுகிறதாம். அவர் சோதித்தது கல்லூரிப் பிள்ளைகளை, கிழவிகளை அல்ல. அப்படியானால் குற்றம் என் தலையில் இல்லை, மகன் வைத்த கதவுகளில். மகனிடம் சொன்னேன். "அப்போ திரும்பவும் லயத்துக்குப் போறீங்களா?" என்றான். நான் வேறு பேச்சு எடுத்தேன்.

பென்ஷன் எடுக்கிற அட்டைக்கு நாலு இலக்க ரகசிய எண் ஒன்று இருக்கிறதே, அதில் நடந்தது இன்னும் மோசம். எழுதி வைக்கக்கூடாது என்றார்கள். எழுதாமல் எனக்கு நிற்காது. நான் யார், முப்பது வருஷம் பிள்ளைகளின் தந்திரங்களைப் பார்த்தவள் அல்லவா? குசினிக் கலண்டரில் 'பால் காசு' என்று எழுதி, பக்கத்தில் அந்த நாலு இலக்கத்தையும் போட்டுவிட்டேன். எந்தத் திருடனுக்கும் பிடிபடாது. திருடனுக்குப் பிடிபடவும் இல்லை. மாதக் கடைசியில் மருமகள் கலண்டரைப் பார்த்து, பால்காரருக்கு அவ்வளவு காசையும் எண்ணிக் கொடுத்துவிட்டாள். அவர் நல்ல மனிதர், மறுநாள் காலையில் மீதியைக் கொண்டுவந்து நீட்டி, "டீச்சர் கணக்குல பிழை விடமாட்டீங்களே, நான் ராத்திரி முழுக்க எத்தனை போத்தல்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றார். இப்போது எண்ணை மாற்றிவிட்டேன். என்ன எண் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் பயனில்லை.

மகள் பயந்து என்னை ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் இளம்பிள்ளை, தன்மையானவர். மூன்று சொல் சொல்லி மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார், நடுவில் ஒரு மணிக்கூடு வரையச் சொன்னார். கரும்பலகையில் எத்தனை மணிக்கூடு வரைந்த கை! கவராயம் வைத்த மாதிரி வட்டம், பதினொன்று பத்துக்கு முள். வரைந்து முடித்துப் பெருமையாகப் பார்த்தால் மூன்றாவது சொல்லைக் காணவில்லை. பக்கத்துக் கதிரையில் காத்திருந்த ஒரு தாத்தா மெதுவாக எடுத்துக்கொடுத்தார். "கொப்பி அடிக்கக் கூடாது டீச்சர்" என்றார் வைத்தியர். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லை நான் கேட்கும் பக்கத்தில் இருந்தேன்.

அவர் சொன்னதில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் உதவக்கூடியது ஒன்று உண்டு. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடுவது வேறு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசிப்பது வேறு. முதலாவது பெரும்பாலும் வயது. இரண்டாவதோ, தெரிந்த பாதையில் வழி தவறுவதோ வந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். எல்லா மறதியும் திருத்த முடியாததும் அல்ல. தைரொயிட் குறைவு, விட்டமின் பி12 குறைவு, தூக்கக் குளிசை, மனச்சோர்வு, ஏன், காது சரியாகக் கேட்காததுகூட மறதி வேஷத்தில் வரும். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, நீண்ட காலம் மெட்போமின் குளிசை எடுப்பவர்களுக்கு பி12 குறையலாமாம். நான் எடுக்கிறேன். பார்த்தார்கள், குறைவுதான், ஊசி போட்டார்கள். ஊசிக்குப் பிறகு கொஞ்சம் தெளிச்சல். பால்காரருக்கும் நிம்மதி.

சிரிக்க முடியாத மறதியும் இருக்கிறது. 1906இல் அல்சைமர் என்ற வைத்தியர் முதலில் எடுத்துச் சொன்ன நோய். அவரும் ஜெர்மன்காரர், மறதியை ஞாபகமாகப் பின்தொடர்ந்தவர்கள் அவர்கள்தான் போல. அதை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் மேல் லயத்தில் ஒரு பாட்டி. நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்டு எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, விடியற்காலையில் எழும்பி, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, தலைத்துண்டு போட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நிற்பார். பேர் போட, அதாவது அன்றைய வேலையைப் பதிய, யாரும் வரமாட்டார்கள். பனிக்குள் தனியாக நிற்பார். மகள் போய், "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா, மலை இல்ல" என்று சொல்லித்தான் கூட்டிவருவார். வேறு எதைச் சொன்னாலும் வரமாட்டார், பிந்திப் போனால் அரைப் பேர், அரைநாள் சம்பளம்தான், ஆகிவிடும் என்ற பயம். கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபடி போர்வை ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தார், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, கிள்ளித் தோளுக்கு மேலால் பின்பக்கம் போடுவார். மகளின் பெயர் போய்விட்டது. விரல் மறக்கவில்லை. எனக்கு அங்கே சிரிக்க எதுவும் அகப்படவில்லை. மகள்தான் சிரித்தார். "நம்ம வீட்டுல கெழமைக்கு ஏழு நாளும் ஞாயித்துக்கிழமை டீச்சர், லீவுக்குக் குறைச்சலே இல்ல" என்றார். அப்படிச் சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த அளவுக்கு இல்லை. பழையது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்குக் காலையில் குளிசை போட்டேனா தெரியாது. ஆனால் மலையகத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன என் கூட்டாளியை ஹட்டன் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டது முந்தாநாள் மாதிரி இருக்கிறது. அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். பெட்டி முழுக்க அழுகை. அவள் மட்டும் அழவில்லை. ஜன்னலால் தலையை நீட்டி, "என் கிளித்தட்டு இடத்தை யாருக்கும் கொடுத்துடாத" என்றாள். மஞ்சள் நாடா கட்டியிருந்தாள். அவள் பெயரைத் தேட எனக்கு எந்த நீர்வீழ்ச்சியும் தேவையில்லை.

அதனால் பிள்ளைகளே, பரீட்சை வைக்காதீர்கள். என்னைக் கண்டால் முதலில் பெயரைச் சொல்லுங்கள், அப்புறம் எந்த லயம் என்று சொல்லுங்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்: யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், ஏழாம் வாய்ப்பாட்டில் எங்கே தட்டினாய், உன் ரொட்டியை யார் திருடித் தின்றான் என்பது வரைக்கும். இன்னொன்று. அடுத்த லயத்துக்குப் போய், "பாவம், டீச்சருக்கு மறதி வந்துட்டுது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறீர்களாம். காதுக்கு வந்தது. அந்தப் பால் காசுக் கதையை நான் சொன்னால் பகிடி. நீங்கள் முந்திக்கொண்டு அந்தக் குரலில் சொன்னால் அது மரண அறிவித்தல். கதை என்னுடையது, முதலில் நான் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கைகால் வைத்துச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கண்ணாடியைத் தேடினேன் என்றேனே, அரிசி வாளிக்குப் போவதற்கு முன்னால் பழைய தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் ஒரு பம்பரம், ஏழு மாபிள், ரப்பர் இற்றுப்போன உண்டிவில் ஒன்று, இரண்டு பக்கமும் சீவின குட்டிப் பென்சில். வகுப்பில் உங்களிடம் பறித்தவை. மேலே ஒரு துண்டுக் காகிதம், என் கையெழுத்து, கோணலில்லாத முத்து எழுத்து: 'வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.'

எந்த வெள்ளிக்கிழமை என்று எழுதவில்லை. வருஷமும் இல்லை. அன்றைக்கு எனக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது, வயதின்மேல் பழி போட வழியே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பீர்கள். கேட்கப் பயந்து திரும்பிப் போயிருப்பீர்கள். வீட்டுவேலையை மறந்ததற்கு அதே நாளில் நான் உங்களை அடித்திருக்கவும் கூடும்.

பம்பரம் கொய்யாக் கட்டையில் செதுக்கினது. தலையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கோடு, அடியில் கொஞ்சம் வெடிப்பு. நூல் தேடி எடுத்து இஸ்தோப்பில் விட்டுப் பார்த்தேன். ஆணி வளைந்திருக்கிறது, இடது பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் சுற்றுகிறது, ஆனாலும் நல்லாகச் சுற்றுகிறது. பேரன் கேட்டான், கொடுக்கவில்லை.

உடையவர் வந்து வாங்கிக்கொள்ளவும். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வந்தால் நல்லது. வாசலில் நின்று, முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டு ஐந்து டீச்சர்